உப்புப் போடும் முன் ஒரு கரண்டி

குழந்தையின் முதல் உணவைக் கடையில் தேட வேண்டாம். வீட்டுக் காய்கறிக் கூடையிலேயே இருக்கிறது. ஆறு மாதம் முடிந்ததிலிருந்து ஒரு வயது வரை எதை, எப்போது, எப்படிக் கொடுப்பது?

திண்டுக்கல்லில் தங்கை வீட்டுச் சமையலறை. காலை எட்டரை மணி. அடுப்பில் இட்லிப் பானை ஏறியிருக்கிறது. தட்டில் மாவுக்குப் பதிலாக, தோலோடு கீற்றுக் கீற்றாக நறுக்கிய பரங்கிக்காய். பன்னிரண்டு நிமிடம் கழித்து மூடியைத் திறந்தாள். வெந்த காயின் இனிப்பு வாசம் கூடம் வரை வந்தது. ஒரு கீற்றை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள். வெண்ணெயாய் நசுங்கியது.

அம்மாவின் இடுப்பில் பாப்பா. பிறந்து ஆறு மாதமும் நான்கு நாளும் ஆகிறது. தங்கை தோலை விட்டுச் சதையை மட்டும் வழித்தெடுத்து, கரண்டியின் முதுகால் மசித்து, நாலு சொட்டு நெய் விட்டுக் குழைத்தாள். மாம்பழச் சாற்றின் நிறம். பட்டாணி அளவு எடுத்துப் பாப்பாவின் கீழுதட்டில் வைத்தாள்.

பாப்பா முகம் சுளித்தாள். நாக்கு வெளியே வந்தது. குழைத்தது அத்தனையும் மோவாயில் வழிந்தது.

"புடிக்கல போலடி. விட்டுரு. நாளைக்கு பிஸ்கட்டப் பால்ல ஊற வச்சுக் குடுத்துப் பாப்போம்" என்றார் அம்மா.

"புடிக்காம இல்லம்மா. அவளுக்கு இன்னும் முழுங்கத் தெரியல. இத்தன நாள் உறிஞ்சித்தான குடிச்சா?"

மோவாயில் வழிந்ததைக் கரண்டியால் வழித்து மறுபடியும் உதட்டில் வைத்தாள் தங்கை. இந்த முறை நாக்கு உள்ளே போனது. பாப்பாவின் கண்கள் அகல விரிந்தன. வாய் சப்புக்கொட்டியது. அம்மா சிரித்துவிட்டார். பிஸ்கட் பேச்சு அன்றோடு போனது.

தாய்ப்பாலைத் தவிர வேறெதையும் அறியாத நாக்கில் விழும் முதல் உணவு என்னவாக இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு வீட்டிலும் எழும் கேள்வி. பாட்டி ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டில் இன்னொன்று சொல்வார்கள், கைபேசியைத் திறந்தால் நூறு சொல்லும். இந்தக் குழப்பத்தில் பல வீடுகளில் கடைசியில் வெல்வது பிஸ்கட்டும் டப்பாவில் வரும் மாவும்தான். அதே வீட்டுக் கூடையில் பரங்கிக்காயும் கேரட்டும் முருங்கைக்கீரையும் கிடக்கும்; பழத்தட்டில் பப்பாளியும் வாழைப்பழமும் இருக்கும்.

இதன் விலை சிறியதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதிய உணவு கிடைப்பது 11.3 சதவீதத்தினருக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரையிலான குழந்தைகளில் 57.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. வறுமை இதற்கு ஒரு காரணம். ஆனால் மூன்று வேளையும் அடுப்பெரியும் வீடுகளிலும், அந்த அடுப்பில் வேகும் காய் குழந்தையின் கிண்ணத்துக்கு வந்து சேராமல் போகிறது. அந்தத் தூரத்தைக் கடக்கும் வழி எளிது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஆறு மாதம், ஏன்?

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தண்ணீர்கூடத் தேவையில்லை. ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பாலைத் தொடரலாம். உலக சுகாதார நிறுவனமும் நம் அரசின் தாய்சேய் நலத் திட்டங்களும் சொல்வது இதைத்தான்.

கணக்கு தெளிவானது. குழந்தை தாயின் வயிற்றில் இருக்கும்போதே இரும்புச்சத்தைச் சேமித்துக்கொண்டுதான் பிறக்கிறது. அந்தச் சேமிப்பு ஆறு மாத வாக்கில் கரைந்துவிடும். தாய்ப்பாலில் இரும்புச்சத்து குறைவு. வளர்ச்சிக்கு வேண்டிய மொத்தச் சக்தியையும் அதற்குப் பிறகு பால் மட்டுமே தந்துவிட முடியாது. அதனால்தான் இது 'இணை' உணவு. பாலை விலக்க வருவதில்லை, பாலோடு சேர்ந்து நிற்க வருகிறது.

உடலும் தயாராகியிருக்க வேண்டும். தலை ஆடாமல் நிற்கிறதா? பிடித்துக்கொண்டால் உட்காருகிறதா? நாம் சாப்பிடும்போது தட்டை நோக்கிக் கை நீட்டுகிறதா? வாயில் வைப்பதையெல்லாம் நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்கிறதா? இந்த நான்கும் அடையாளங்கள். பல் முளைக்கக் காத்திருக்க வேண்டாம். ஈறே மசியலுக்குப் போதும்.

நான்காம் மாதத்தில் அவசரப்பட்டு ஆரம்பிப்பதில் ஆபத்து இருக்கிறது. எட்டாம் மாதம் வரை தள்ளிப்போடுவதிலும் ஆபத்து இருக்கிறது.

இட்லிப் பானை போதும்

குழந்தை உணவுக்கென்று காயை அவித்து அரைக்கும் தனிக் கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கின்றன. தமிழ் வீட்டில் அதற்குத் தேவையே இல்லை. ஆவியில் வேகவைக்க நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இட்லிப் பானை இருக்கிறது. பருப்புக் கடைய மத்து இருக்கிறது. நார் நீக்க வடிகட்டி இருக்கிறது.

ஆவியில் அவிப்பதற்குக் காரணம் உண்டு. வைட்டமின் சி-யும் பி வகைகளும் நீரில் கரைபவை. நிறையத் தண்ணீர் விட்டு வேகவைத்து அந்த நீரைக் கொட்டினால் சத்தும் அதோடு போகும். ஆவியில் வெந்தால் பெரும்பகுதி காயிலேயே நிற்கும். பானை இல்லையென்றால் குக்கரில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு வேகவைத்து, அந்த நீரையே சேர்த்து மசிக்கலாம்.

கேரட், பரங்கிக்காய், பப்பாளி போன்றவற்றின் மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் காரணம் பீட்டா கரோட்டின். உடல் அதைத்தான் வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. கேரட்டைப் பச்சையாகக் கொடுப்பதைவிட வேகவைத்து மசித்தால் இது உடலில் நன்றாகச் சேரும். கொழுப்போடு போனால் இன்னும் நன்றாகச் சேரும். பாட்டிமார் விடும் அந்தச் சொட்டு நெய்யின் வேலை வாசனையோடு முடிவதில்லை.

செய்முறையை ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடலாம். கைகளை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காயை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவி, தோல் சீவ வேண்டியதைச் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி ஆவியில் வையுங்கள். கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் இருபது நிமிடம் வரை ஆகும். பரங்கிக்காய், சுரைக்காய்க்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம். பதம் பார்க்கக் கடிகாரத்தைவிட விரல் நல்லது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்தினால் தடையில்லாமல் நசுங்க வேண்டும். பிறகு மத்தால் கடையலாம், கரண்டியால் மசிக்கலாம். இறுகிப்போனால் தாய்ப்பாலோ காய் வெந்த நீரோ ஒரு கரண்டி விடுங்கள். தாய்ப்பால் விட்டால் புதுச் சுவைக்கு நடுவே ஒரு பழகிய சுவையும் நாக்குக்குத் துணையாக வரும்.

எவ்வளவு கெட்டி? கரண்டியைச் சாய்த்தால் மசியல் உடனே வழிந்து ஓடக் கூடாது. கொஞ்சம் தயங்கி நகர வேண்டும். நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு இங்கேதான். 'செரிக்காது' என்ற பயத்தில் பருப்புத் தண்ணீர், சாதம் வடித்த கஞ்சி, காய் வெந்த நீர் என்று தண்ணீராகவே கொடுக்கிறோம். குழந்தையின் இரைப்பை சின்னது. அதைத் தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடமேது? வயிறு நிறையும், எடை ஏறாது. பருப்புத் தண்ணீரை விடுங்கள், பருப்பைக் கொடுங்கள்.

எந்தக் காய் முதலில்?

பரங்கிக்காயை மதுரைப் பக்கம் பரங்கி என்போம், கொங்கு நாட்டில் அரசாணிக்காய் என்பார்கள். இனிப்பு, மென்மை, விலை மலிவு. தொடங்க இதைவிடத் தோதான காய் இல்லை. அடுத்து கேரட், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உருளைக்கிழங்கு, சுரைக்காய், பீர்க்கங்காய். சர்க்கரைவள்ளியில் உள்ளே ஆரஞ்சாக இருப்பது கிடைத்தால் விடாதீர்கள். பீட்டா கரோட்டின் அதில் நிறைய. வெள்ளைக் கிழங்கில் மிகக் குறைவு.

ஒரு நேரத்தில் ஒரு புதுக் காய். இரண்டு மூன்று நாள் அதையே கொடுத்துப் பாருங்கள். தடிப்பு, தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு எதுவும் இல்லையென்றால் அடுத்ததற்குப் போகலாம். இரண்டு வாரத்தில் ஐந்தாறு சுவை நாக்குக்குப் பழகிவிடும்.

இனிப்புக் காய்களிலேயே நின்றுவிடக் கூடாது. பீன்ஸ், காலிஃபிளவர், வெண்டைக்காய், கீரை என்று ஒவ்வொன்றாக வர வேண்டும். கீரையில் தண்டை நீக்கி, இலையை நாலைந்து தண்ணீரில் அலசி, பருப்போடு வேகவைத்துக் கடையுங்கள். முருங்கைக்கீரை இருந்தால் வேறு கீரை தேட வேண்டாம். கொல்லைப்புற மரத்தில் இலவசமாகக் கிடைக்கும் சத்து மாத்திரை அது. கடைந்ததில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்ச வைட்டமின் சி கைகொடுக்கும். தக்காளியும் அந்த வேலையைச் செய்யும்.

'கத்தரிக்காய் கரப்பான் பண்டம், பிள்ளைக்கு ஆகாது', 'கீரை கொடுத்தால் கழியும்', 'வாழைப்பழம் சளி' என்று எத்தனையோ தடைகள். எந்தக் காயும் ஏதோ ஒரு குழந்தைக்கு ஒவ்வாமல் போகலாம். அதைக் கொடுத்துப் பார்த்துத்தான் அறிய முடியும். பொதுவாக எல்லாக் குழந்தைக்கும் விலக்கு என்று சொல்லக் காரணம் இல்லை. நன்றாக வெந்த கத்தரிக்காயும் கனிந்த வாழைப்பழமும் ஆறு மாதம் தாண்டிய பிள்ளைக்கு உணவுதான்.

இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் பதற்றம் குறையும். பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் மலமும் சிறுநீரும் சிவக்கலாம். கேரட், பரங்கி, பப்பாளியைத் தினமும் நிறையக் கொடுத்தால் உள்ளங்கை, உள்ளங்கால், மூக்கு நுனி மஞ்சளாகலாம். மஞ்சள் காமாலை என்று பயப்பட வேண்டாம். கண்ணின் வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் அது கரோட்டின் நிறம். காயை மாற்றினால் மெல்லப் போய்விடும். கண்ணும் மஞ்சளாகியிருந்தால் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

பழத்தட்டு

கன்னியாகுமரி மாவட்டத்தில் மட்டி வாழைப்பழத்தைக் குழந்தைக்கான பழம் என்றே சொல்வார்கள். விரல் நீளப் பழம், தேன் போன்ற இனிப்பு. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அதே மண்ணில் ஏத்தன் வாழைப்பழத்தை அவித்து, நடுவில் உள்ள கறுப்பு விதைப் பகுதியை நீக்கி, நெய் விட்டு மசித்து ஊட்டுவார்கள். ஏத்தங்காயைச் சீவி வெயிலில் காயவைத்துப் பொடித்துக் கூழ் காய்ச்சும் வழக்கமும் உண்டு. எங்கள் பக்கம் சிறுமலை வாழைப்பழம். உங்கள் ஊரில் எந்த வாழைப்பழமோ அதுவே நல்லது. தோலில் கறும்புள்ளி விழும் அளவுக்குக் கனிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கனிந்த பப்பாளி, மாம்பழம், சப்போட்டா மூன்றையும் வேகவைக்கத் தேவையில்லை. தோல், கொட்டை நீக்கி நன்றாக மசித்தாலே போதும். ஆப்பிள் கடினம். ஆவியில் வைத்துத்தான் மசிக்க வேண்டும். ஆனால் ஆப்பிள் வாங்கக் காசில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டாம். நம் தெருமுனைக் கொய்யாவில் ஆப்பிளைவிட மட்டுமல்ல, ஆரஞ்சைவிடவும் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. நன்கு கனிந்த கொய்யாவை மசித்து, வடிகட்டியில் தேய்த்து விதையை நீக்கிக் கொடுங்கள்.

பழத்தைப் பிழிந்து ஜூஸாகக் கொடுப்பதை ஒரு வயது வரை தவிர்த்துவிடுங்கள். நார் போய்விடும், சர்க்கரை மட்டும் வேகமாக உள்ளே போகும், பால் குடிக்கும் பசி குறையும். பழமாகக் கொடுத்தால் அத்தனையும் கிடைக்கும்.

புது உணவு தொடங்கியதும் சில குழந்தைகளுக்கு மலச்சிக்கல் வரும். கனிந்த பப்பாளி, கொய்யா, இரவில் ஊறவைத்துக் காலையில் மசித்து வடிகட்டிய உலர் திராட்சை ஆகியவை உதவும். கொதித்து ஆறிய நீரை இடையிடையே சில வாய் கொடுக்க வேண்டும்.

காயும் பழமும் மட்டும் போதாது

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்ண வண்ண மசியல்களைப் படம்பிடித்துப் போடும் இந்தக் காலத்தில், கேரட்டும் ஆப்பிளுமே குழந்தை உணவு என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். காய்கறியிலும் பழத்திலும் வைட்டமின் உண்டு, சுவை உண்டு. ஆனால் வளரும் உடலுக்கு வேண்டிய சக்தியும் புரதமும் குறைவு.

அதனால் முதல் ஓரிரு வாரத்திலேயே அரிசி, கேழ்வரகு, பாசிப்பருப்பு, துவரம்பருப்பு வந்துவிட வேண்டும். அசைவம் சாப்பிடும் வீடென்றால் முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வெந்து மசித்த ஆட்டு ஈரல், கோழி எல்லாம் வரலாம். முட்டையில் மஞ்சள், வெள்ளை இரண்டையும் முழுசாக வேகவைத்துக் கொடுக்கலாம். வேர்க்கடலையை முழுசாகக் கொடுக்கக் கூடாது. வறுத்து நைசாகப் பொடித்துக் கூழில் கலக்கலாம். அதைத் தள்ளிப்போடுவதைவிடச் சீக்கிரம் பழக்குவதே ஒவ்வாமையைக் குறைக்கிறது என்று 2015இல் வெளியான 'லீப்' ஆய்வு காட்டியது. குழந்தைக்கு ஏற்கெனவே கடுமையான தோல் அரிப்போ முட்டை ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

எட்டு உணவு வகைகளில் ஒரு நாளில் குறைந்தது ஐந்து கிடைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். தாய்ப்பால், தானியம்-கிழங்கு, பருப்பு-கொட்டை வகை, பால் பொருள், இறைச்சி-மீன், முட்டை, மஞ்சள் காய்-கனியும் கீரையும், மற்ற காய்-கனி. தாய்ப்பால், சாதம், பருப்பு, பரங்கிக்காய், கொய்யா. ஐந்து வந்துவிட்டது பாருங்கள்.

அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கி வையுங்கள். ஒன்பதாம் மாதத் தடுப்பூசியோடு வைட்டமின் ஏ சொட்டு மருந்தும் உண்டு, தவறவிடாதீர்கள். கிராம சுகாதார செவிலியர் தரும் இரும்புச்சத்து சிரப்பையும் அவர் சொல்கிறபடி கொடுங்கள். நல்ல உணவு இருக்கிறதே என்று இவற்றை விட்டுவிட வேண்டாம்.

மூன்று கிண்ணங்கள்

பரங்கி பருப்பு சாதம்: இரண்டு மேசைக்கரண்டி அரிசி, ஒரு மேசைக்கரண்டி பாசிப்பருப்பு, ஒரு கைப்பிடி பரங்கிக்காய்த் துண்டு. ஒரு சிட்டிகை சீரகம் போட்டுக் குக்கரில் குழைய வேகவைத்து மசித்து, அரைத் தேக்கரண்டி நெய் விடுங்கள்.

முருங்கைக்கீரை மசியல்: வெந்த துவரம்பருப்பு இரண்டு கரண்டி, ஒரு கைப்பிடி இலை, ஒரு துண்டு தக்காளி. கீரை நன்றாக வெந்ததும் மத்தால் கடைந்து, குழைந்த சாதத்தோடு பிசைந்து கொடுங்கள்.

கேழ்வரகு வாழைப்பழக் கூழ்: கேழ்வரகை ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்த பாலை, கட்டி தட்டாமல் கிண்டிக் காய்ச்சுங்கள். இறக்கி ஆறிய பின் கனிந்த பழத்தை மசித்துக் கலந்தால் சர்க்கரையே தேவைப்படாது.

மசியலிலிருந்து கடிக்கும் துண்டுக்கு

ஆறு மாதம் முடிந்து தொடங்கும்போது இரண்டு மூன்று கரண்டியே போதும். மெல்ல ஏற்றி, எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளை, வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி. ஒன்பது மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளை, இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ அவித்த கிழங்கோ. ஒரு வயதில் முக்கால் கிண்ணம் முதல் ஒரு கிண்ணம் வரை. குழந்தைக்குக் குழந்தை இது மாறும். எடை அட்டையின் கோடு ஏறுகிறதா என்பதே சரியான சாட்சி.

மிக்ஸியில் அரைப்பது சுலபம். அந்தச் சுலபம் ஒன்பது மாதம் தாண்டியும் நீண்டால் சிக்கல். மென்று தின்னக் கற்கும் காலம் அது. அப்போது கட்டி பழகாத பிள்ளை, பிறகு சோற்றுப் பருக்கை பட்டாலே ஓக்களிக்கும். ஏழாம் மாதத்தில் மத்தின் மசியல், எட்டாம் மாதத்தில் கையால் பிசைந்தது, ஒன்பதில் சின்னச் சின்ன மென்கட்டிகள் என்று நகருங்கள். எட்டு மாத வாக்கில் விரல் நீளத்துக்கு வெந்த கேரட்டையோ கனிந்த பப்பாளிக் கீற்றையோ கையில் கொடுத்துவிடுங்கள். பாதி தரைக்குப் போகும். போகட்டும், மீதி வாய்க்கு வழி கண்டுபிடிக்கும்.

தொண்டையில் அடைக்கக்கூடியவற்றை மட்டும் கிட்டே சேர்க்காதீர்கள். முழுத் திராட்சை, முழுக் கடலை, பொரி, பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் துண்டு. குழந்தை உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். படுக்க வைத்தோ, தவழவிட்டோ ஊட்டக் கூடாது. இருமி ஓக்களித்துத் துப்பினால் அது கற்றுக்கொள்கிறது. சத்தமே இல்லாமல் முகம் நீலமாகத் திணறினால் அது ஆபத்து. குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டும் முதலுதவியைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரும் செவிலியரிடம் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

உப்பு, சர்க்கரை, தேன்

ஒரு வயது வரை மூன்றும் வேண்டாம். காயிலும் பாலிலும் இயல்பாக உள்ள உப்பே பிஞ்சுச் சிறுநீரகத்துக்குப் போதும். 'உப்பில்லாமல் எப்படிச் சாப்பிடும்?' என்று நாம் கேட்பது நம் நாக்கை வைத்து. உப்பையே அறியாத நாக்குக்கு அது குறையாகத் தெரியாது.

பிறந்ததும் குழந்தையின் நாக்கில் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. பாசத்தோடு செய்வதுதான். ஆனால் தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்கள் வயிற்றில் அவை தலைதூக்காது. ஒரு வயதுக்குள் உள்ள குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைச் செயலிழக்க வைக்கும் நஞ்சை உண்டாக்கலாம். நல்ல தேன், மலைத்தேன் என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. பசும்பாலையும் ஒரு வயது வரை முக்கியப் பாலாகக் கொடுக்கக் கூடாது. கூழில் கலப்பதும் தயிராகக் கொஞ்சம் கொடுப்பதும் சரி.

காயை மசித்து அடைத்து விற்கும் வணிகத்துக்கு ஏறக்குறைய நூறு வயதுதான் ஆகிறது. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் ஊரில், கெர்பர் குடும்பம் 1928இல் பட்டாணி, கேரட், கீரை மசியல்களை டப்பாவில் விற்கத் தொடங்கியது. அதற்குத் தூண்டுதலே ஒரு தாய் வீட்டில் தன் மகளுக்காகப் பட்டாணியை மசித்து வடிகட்டிய பாடுதான் என்பது அந்த நிறுவனம் சொல்லும் கதை. டப்பா வீட்டைப் பார்த்துத்தான் வந்தது. இன்று நாம் டப்பாவைப் பார்த்து வீட்டைச் சந்தேகப்படுகிறோம்.

இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளை விளம்பரம் செய்யவே இந்தியாவில் தடை இருக்கிறது. 1992இல் வந்து 2003இல் திருத்தப்பட்ட சட்டம் அது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு, இந்தியாவில் பெயர் பெற்ற ஒரு குழந்தைத் தானிய உணவில் வேளைக்குச் சராசரியாக 3 கிராமை ஒட்டிச் சர்க்கரை சேர்க்கப்பட்டிருப்பதாக அறிக்கை வெளியிட்டது. அவசரத்துக்கு, பயணத்துக்கு டப்பா வாங்குவது பாவமில்லை. வாங்கும்போது பின்பக்கத்தைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

வெயிலும் ஃபிரிட்ஜும்

நம் வெயிலில் மசியல் சீக்கிரம் கெடும். செய்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வேலைக்குப் போகும் தாய்மார் காலையில் செய்ததை ஆறியவுடன் மூடி ஃபிரிட்ஜில் வைத்து, அன்றைக்குள் நன்றாகக் கொதிக்கச் சூடாக்கி, ஆறவிட்டுக் கொடுக்கலாம். கீரை, பீட்ரூட் மசியலை மட்டும் எடுத்து வைக்காமல் அவ்வப்போது செய்யுங்கள். எச்சில் கரண்டி பட்ட கிண்ணத்தில் மீந்ததை வைத்துக்கொள்ளவே கூடாது. கொஞ்சமாக வேறு கிண்ணத்தில் எடுத்து ஊட்டினால் வீணாகாது. மின்வெட்டு நீளும் ஊரென்றால் ஃபிரிட்ஜை நம்ப வேண்டாம். பால் புட்டி வேண்டாம், கிண்ணமும் கரண்டியும் போதும். இரண்டையும் கொதிநீரில் போட்டு எடுப்பது நல்லது.

பத்தாவது தடவை

தாய் உண்ணும் உணவின் வாசம் பனிக்குட நீரிலும் தாய்ப்பாலிலும் இறங்குகிறது. கருவுற்றபோதோ பாலூட்டும்போதோ கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், கேரட் கலந்த கூழை அதிகம் முகம் சுளிக்காமல் ஏற்றதை ஜூலி மெனெல்லா குழு 2001இல் காட்டியது. சாம்பாரும் ரசமும் நம் பிள்ளைகளுக்கு முற்றிலும் புதிதல்ல என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

இருந்தாலும் புதுக் காயை முதல் தடவையே எல்லாக் குழந்தைகளும் ஆவலோடு வாங்கிக்கொள்வதில்லை. எட்டுப் பத்துத் தடவை கொடுத்த பிறகே பலவும் பழகும். மூன்றாம் தடவையில் 'என் பிள்ளைக்கு பீன்ஸ் பிடிக்காது' என்று தீர்ப்பு எழுதிவிடுவது நாம்தான். அன்றைக்கு விட்டுவிட்டு, நாலு நாள் கழித்து மறுபடி வையுங்கள்.

மூக்கைப் பிடித்து, கையை மடக்கி ஊட்டாதீர்கள். தலையைத் திருப்பிக்கொண்டால், வாயை இறுக மூடிக்கொண்டால் அது 'போதும்' என்று சொல்கிறது. கைபேசியைக் காட்டினால் வாய் திறக்கும், உண்மைதான். அப்போது குழந்தைக்குத் தான் என்ன சாப்பிடுகிறோம், வயிறு நிறைந்ததா என்பது எதுவுமே தெரியாது. நிலாவையும் காக்காயையும் காட்டி ஊட்டியவர்கள் அந்தப் பிள்ளையின் கண்ணைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊட்டினார்கள். அந்தப் பேச்சையும் சேர்த்துத்தான் குழந்தை உண்டது.

காய்ச்சல், வயிற்றுப்போக்கு வந்தால் உணவை நிறுத்தக் கூடாது. பாலை அடிக்கடி கொடுத்து, மசியலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை கொடுங்கள். குணமானதும் சில வாரம் ஒரு வேளை கூடுதலாகக் கொடுங்கள். உணவையும் பாலையும் முற்றிலும் மறுத்தால், சோர்ந்து கிடந்தால், எடை ஏறாமலே நின்றால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.

பாப்பாவின் தட்டு

சென்ற மாதம் மறுபடி திண்டுக்கல் போயிருந்தேன். பாப்பாவுக்கு இப்போது பதினோரு மாதம். தனிச் சமையல் எதுவும் இல்லை. வீட்டுக்கு வைக்கும் பருப்பும் கூட்டும் பொரியலும்தான். காய் வெந்ததும், உப்பும் காரமும் விழும் முன்னால், ஒரு கரண்டி அவள் கிண்ணத்துக்குப் போகிறது. அதற்கென்றே அடுப்படியில் ஒரு சின்னக் கரண்டி தொங்குகிறது.

அன்று பரங்கிக்காய்க் கூட்டு. அம்மா அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்த உப்புச் சாடியைத் திறந்தார். கை உள்ளே போய்விட்டது. சட்டென்று நிறுத்தினார்.

"ஏண்டி, பாப்பாவுக்கு எடுத்தாச்சா?"

எடுத்தாயிற்று. கூடத்தில் பாயில் உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பரங்கித் துண்டைத் தானே எடுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தாள் அவள். அம்மா அதைப் பார்த்தார். சாடியிலிருந்து எடுத்த உப்பில் பாதியைத் திரும்பச் சாடியிலேயே போட்டார்.

"நமக்கும் இவ்வளவு போதும்" என்றார்.